பல்கலைக்கழக நூலகத்தில் படம் போடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நூலகத்தில் மாதம் ஒரு படமாவது திரையிட நினைக்கும் மாணவர்களுக்கும் நூலகர்களுக்கும், "என்ன படம் பார்க்கலாம்?" என்று நூலக மேசையில் வந்து கேட்பவர்களுக்கும் இந்தப் பக்கம். தமிழ்நாட்டுக் கல்லூரி, பல்கலைக்கழகச் சூழலை மனதில் வைத்து எழுதியது.

நூலகத்துக்கும் சினிமாவுக்கும் என்ன சம்பந்தம்? படம் பார்க்கத்தான் செல்போன் இருக்கிறதே?

1933-இல் எடுத்த 'மார்த்தாண்ட வர்மா' என்ற மௌனப் படம் இன்று பார்க்கக் கிடைப்பதற்கு ஒரு புத்தகக் கடைதான் காரணம். படத்தின் மூல நாவலின் உரிமை தங்களுடையது என்று திருவனந்தபுரம் கமலாலயா புத்தக நிலையம் வழக்குப் போட்டது. படம் முடங்கியது, படச்சுருள் அவர்கள் வசமே தங்கிவிட்டது. 1974-இல் புனே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் அதை வாங்கிப் பத்திரப்படுத்தியது. ஓடி முடித்த படங்களின் கதி வேறு. 1931-இல் வந்த 'காளிதாஸ்' படத்தின் சுருள் ஓர் அடிகூட மிஞ்சவில்லை. அந்தக் காலத்துப் படங்கள் பலவற்றை இன்று பாட்டுப் புத்தகங்களை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் அப்படிப்பட்ட பாட்டுப் புத்தகங்களைச் சேர்த்து வைத்திருக்கிறது.

செல்போனில் படம் கிடைக்கும். அந்தப் படம் எந்தக் கதையிலிருந்து வந்தது, அந்தக் கதைப் புத்தகம் எந்த அலமாரியில் இருக்கிறது என்று எழுந்துபோய் எடுத்துக் கொடுக்க நூலகத்தில்தான் ஆள் உண்டு.

முதல் பருவத்துக்கு எந்தப் படங்களை எடுக்கலாம்?

கதையிலிருந்து வந்த படங்களில் தொடங்குங்கள். நூலகத்துக்கு இதைவிடப் பொருத்தமான வரிசை கிடையாது. தமிழில் இதற்குப் பஞ்சமும் இல்லை.

புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை' குறுநாவலும் மகேந்திரனின் 'உதிரிப்பூக்கள்' (1979) படமும் எங்கள் முதல் பரிந்துரை. தாயில்லாப் பிள்ளைகள், வீட்டுக்குள் வரும் சின்னம்மா என்ற ஓர் இழையை மட்டும் எடுத்துக்கொண்டு படம் வேறெங்கோ போய்விடுகிறது. "கதையை அப்படியே எடுக்கவில்லையே" என்று குறைப்பட வருபவர்கள், படம் முடிந்ததும் எது பெயர்ந்தது, எது தங்கியது என்று எண்ண ஆரம்பிப்பார்கள். இன்னொரு வசதியும் இருக்கிறது. புதுமைப்பித்தன் இறந்தது 1948-இல். எழுத்தாளர் இறந்து 60 ஆண்டுகள் எப்போதோ கடந்துவிட்டதால் குறுநாவலை நகலெடுத்து எல்லோருக்கும் கொடுக்கத் தடையில்லை. பதிப்பாசிரியர் குறிப்புகளும் முன்னுரையும் சேர்ந்த புதிய பதிப்பை நகலெடுக்காதீர்கள், அந்தச் சேர்க்கைகளுக்குத் தனி உரிமை உண்டு. மூலத்தை மட்டும் எடுங்கள்.

அடுத்தது பூமணியின் 'வெக்கை', வெற்றிமாறனின் 'அசுரன்' (2019). இதில் முக்கால்வாசிப் பேர் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் வருவார்கள். அது நல்லதுதான். நாவல் கொலையில் தொடங்குகிறது. தகப்பனும் மகனும் ஒளிந்து திரியும் எட்டு நாட்களோடு முடிகிறது. தகப்பனின் இளமைக்காலம் என்று படத்தில் வரும் பெரிய பகுதி நாவலில் இல்லை. முழுப் படத்தையும் போட நேரமில்லை என்றால் முதல் அரைமணி நேரத்தை மட்டும் போட்டுவிட்டு நாவலின் முதல் அத்தியாயத்தைச் சத்தமாகப் படியுங்கள். நாவலில் பயம் எங்கே இருக்கிறது, படத்தில் எங்கே இருக்கிறது என்ற ஒரு கேள்வி போதும், ஒரு மணி நேரம் ஓடும்.

நாஞ்சில் நாடனின் 'தலைகீழ் விகிதங்கள்' 'சொல்ல மறந்த கதை'யானது (2002). பி.எச்.டேனியல் ஆங்கிலத்தில் எழுதி, 'எரியும் பனிக்காடு' என்று இரா.முருகவேள் மொழிபெயர்த்த நாவல் 'பரதேசி'க்கு (2013) அடிப்படை. மு.சந்திரகுமாரின் 'லாக்கப்' 'விசாரணை'யானது. கோமல் சுவாமிநாதனின் 'தண்ணீர் தண்ணீர்' மேடை நாடகமாக இருந்து 1981-இல் படமானது. தி.ஜானகிராமனின் 'மோகமுள்' படத்தைக் கடைசியாக வையுங்கள். நாவலை உருகி உருகிப் படித்தவர்கள் சண்டைக்கே வந்துவிடுவார்கள். அந்தச் சண்டை தேவைதான், முதல் மாதத்தில் மட்டும் வேண்டாம்.

'பொன்னியின் செல்வன்' கேட்பார்கள். இரண்டு பாகமும் சேர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல். கல்லூரி மதியத்தில் அது அடங்காது.

பிறமொழிப் படம் என்றால் பாதிப் பேர் எழுந்து போய்விடுகிறார்கள். எதில் பழக்கலாம்?

சப்டைட்டில் படித்துப் பழகாதவரை இரண்டரை மணி நேரப் படத்தில் உட்கார வைத்தால் அவர் போகத்தான் செய்வார். படிப்படியாக ஏற்றுங்கள்.

முதலில் வசனமே தேவைப்படாதவை. பஸ்டர் கீட்டனின் 'தி ஜெனரல்' (1926), சாப்ளினின் 'மாடர்ன் டைம்ஸ்' (1936), 34 நிமிடமே ஓடும் பிரெஞ்சுப் படம் 'தி ரெட் பலூன்' (1956). அடுத்து, வசனம் குறைவாகவும் நீளம் 90 நிமிடத்துக்குள்ளும் இருப்பவை. ஈரானின் 'சில்ட்ரன் ஆஃப் ஹெவன்' (1997, 89 நிமிடம்) தமிழ்நாட்டில் எந்த ஊரில் போட்டாலும் தோற்காத படம். ஒரு ஜோடிச் செருப்பை அண்ணனும் தங்கையும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு பள்ளிக்கு ஓடுவதை விளக்க யாருக்கும் சப்டைட்டில் வேண்டாம். இத்தாலியின் 'பைசிக்கிள் தீவ்ஸ்' (1948) படமும் 89 நிமிடம்தான். இவை இரண்டும் பழகிய பிறகு 'பதேர் பாஞ்சாலி' (1955), அதன் பிறகு உங்கள் இஷ்டம்.

தமிழிலேயே மெதுவான படத்துக்குப் பழக்க வேண்டுமென்றால் பி.எஸ்.வினோத்ராஜின் 'கூழாங்கல்'. 2021-இல் ராட்டர்டாம் திரைப்பட விழாவின் டைகர் விருது பெற்றது. ஒன்றேகால் மணி நேரம், அவ்வளவுதான் நீளம். அதற்குள் வெயிலில் நடந்து களைத்த மாதிரி ஆகிவிடும்.

இரண்டு படங்களை ஜோடி சேர்த்துப் போடலாமா?

ஒரே நாளில் வேண்டாம், அடுத்தடுத்த வாரம் போடுங்கள். எங்களுக்குப் பிடித்த ஜோடி குரோசாவாவின் ஜப்பானியப் படம் 'ராஷோமோன்' (1950), தமிழின் 'அந்த நாள்' (1954). 1952-இல் நடந்த இந்தியாவின் முதல் சர்வதேசத் திரைப்பட விழாவில் குரோசாவாவின் படத்தைப் பார்த்த தாக்கத்தில் எஸ்.பாலசந்தர் உருவாக்கியது 'அந்த நாள்'. ஒரு பாட்டுக்கூட இல்லை. 1943-இல் சென்னையில் ஜப்பான் விமானம் குண்டு போட்ட சமயம். படம் தொடங்கியதும் துப்பாக்கி வெடிக்கிறது, சிவாஜி செத்து விழுகிறார். யார் சுட்டது என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு கதை சொல்கிறார்கள்.

இரண்டையும் பார்த்தவர்கள் கவனிக்க வேண்டிய வித்தியாசம் ஒன்று உண்டு. ஜப்பானியப் படத்தில் நடந்தது என்ன என்பது கடைசிவரை முடிச்சு அவிழாமலே கிடக்கிறது. தமிழ்ப் படத்தில் குற்றவாளி பிடிபட்டுவிடுகிறார். இது குறையா, தேசபக்திக் கதைக்கு வேறு வழி இல்லையா என்று கேட்டுவிட்டு நீங்கள் பேசாமல் இருங்கள். இலக்கியத் துறையும் வரலாற்றுத் துறையும் பார்த்துக்கொள்ளும்.

நூலகத்தைப் பற்றியே படம் இருக்கிறதா?

இருக்கிறது. அலென் ரெனே 1956-இல் பாரிஸ் தேசிய நூலகத்தைப் படம் பிடித்த ஆவணப்படம் 21 நிமிடம். ஒரு புத்தகம் உள்ளே வந்து, முத்திரை குத்தப்பட்டு, அட்டை எழுதப்பட்டு, அலமாரியில் ஏறி, ஒருநாள் வாசகர் கைக்கு வருவதைத் துப்பறியும் படம்போல எடுத்திருப்பார். ஆகஸ்ட் 12, எஸ்.ஆர்.ரங்கநாதன் பிறந்தநாளான தேசிய நூலகர் தினத்தன்று அதைப் போட்டு, முடிந்த கையோடு முதலாமாண்டு மாணவர்களை உங்கள் நூலகத்தின் பின்பக்கம், புத்தகங்களுக்கு எண் போடும் அறைவரை கூட்டிக்கொண்டு போங்கள். வழக்கமான அறிமுக உரையைவிட இது நன்றாக வேலை செய்யும்.

த்ரூஃபோவின் 'ஃபாரன்ஹீட் 451' (1966), புத்தகங்களை எரிக்கும் உலகம். படிப்பதே குற்றம் என்பதால் தொடக்கத்தில் பெயர்கள் எழுத்தில் வராது, குரலில்தான் வரும். இதை முன்கூட்டிச் சொல்லாதீர்கள், அவர்களே கண்டுபிடிக்கட்டும்.

மேசைக்கு வந்து "நல்ல படம் சொல்லுங்க" என்கிறார்கள். என்ன சொல்வது?

படப்பெயர் சொல்வதற்கு முன் மூன்று விஷயம் கேளுங்கள். எவ்வளவு நேரம் இருக்கிறது? தனியாகப் பார்க்கப்போகிறாரா, அறைத்தோழர்களோடா, அம்மா அப்பாவோடா? கடைசியாகப் பாதியில் நிறுத்திய படம் எது? மூன்றாவது கேள்விதான் முக்கியம். பிடித்த படம் கேட்டால் எல்லோரும் ஊர் மெச்சும் பெயரைச் சொல்வார்கள். பாதியில் விட்ட படத்தைச் சொல்லும்போது உண்மை வந்துவிடும்.

ஒருவருக்கு ஒரு படம் சொல்லுங்கள், மிஞ்சினால் இரண்டு. பத்துப் பெயர் எழுதிக் கொடுத்த சீட்டு சட்டைப்பையிலேயே துவைபட்டுவிடும்.

இருபது வயதுக்காரர்களுக்கு நாங்கள் சலிக்காமல் சொல்வது 'ஐ ஆம் 20' (1967). 1947-இல் பிறந்து, இருபது வயதான இளைஞர்களை நாடெங்கும் தேடிப்போய் பிலிம்ஸ் டிவிஷனுக்காக எஸ்.என்.எஸ்.சாஸ்திரி எடுத்த குறும்படம். இருபது நிமிடம்கூட இல்லை. அதில் பேசுகிறவர்கள் இன்று தாத்தா பாட்டி வயதில் இருப்பார்கள்.

கல்லூரியில் படம் போட அனுமதி வாங்க வேண்டுமா?

1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கல்வி நிறுவனங்களுக்கு ஒரு விலக்கு தருகிறது. நிறுவனத்தின் செயல்பாடுகளின் ஒரு பகுதியாகப் படம் போடலாம். ஆனால் பார்ப்பவர்கள் மாணவர்கள், ஆசிரியர் மற்றும் பணியாளர்கள், மாணவர்களின் பெற்றோர் அல்லது காப்பாளர், நிறுவனத்தின் செயல்பாடுகளோடு தொடர்புள்ளவர்கள் ஆகியோராக மட்டும் இருக்க வேண்டும்.

சறுக்குவது பெரும்பாலும் சுவரொட்டியில்தான். "அனைவரும் வருக" என்று அடித்து இன்ஸ்டாகிராமில் போட்ட நிமிடமே விலக்கின் எல்லையைத் தாண்டிவிடுகிறீர்கள். "நம் பல்கலைக்கழக மாணவர்களுக்கும் பணியாளர்களுக்கும் மட்டும், அடையாள அட்டை அவசியம்" என்று எழுதுங்கள். வாசலில் பெயரும் பதிவு எண்ணும் எழுதிக்கொள்ளுங்கள். கட்டணம் வாங்காதீர்கள். பக்கத்து ஊர் இலக்கிய வட்டத்தையும் அழைக்க ஆசை என்றால், தயாரிப்பாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிவிட்டு அழையுங்கள்.

ஓ.டி.டி. கணக்கில் இருந்து போடலாம்தானே? காசு கட்டித்தானே வைத்திருக்கிறோம்?

சட்ட விலக்கு ஒன்று, நீங்கள் கணக்குத் தொடங்கும்போது ஒப்புக்கொண்ட நிபந்தனை இன்னொன்று. பெரும்பாலான தளங்களின் நிபந்தனை சொந்த உபயோகம், வீட்டு உபயோகம் என்றே இருக்கும். நெட்ஃபிளிக்ஸ் தன்னுடைய ஆவணப்படங்கள் சிலவற்றுக்கு மட்டும் ஒருமுறை கல்வித் திரையிடல் அனுமதி தருகிறது. எந்தப் படத்துக்கு உண்டு என்பது அந்தப் படத்தின் ஊடகப் பக்கத்திலேயே எழுதியிருக்கும். லாப நோக்கமோ கட்டணமோ கூடாது, அவர்கள் முத்திரையைச் சுவரொட்டியில் போடக்கூடாது.

அனுமதி இருந்தாலும் இயந்திரம் ஒப்புக்கொள்ள வேண்டுமே! பழைய வி.ஜி.ஏ. புரொஜெக்டருக்கு அடாப்டர் போட்டு இணைத்தால், நகல் பாதுகாப்புப் பூட்டு காரணமாகச் சத்தம் மட்டும் வந்து திரை கறுப்பாக நிற்கும். மலிவான எச்.டி.எம்.ஐ. பிரிப்பான்கள் சிலவற்றிலும் இதே கதை. முதல்நாளே அதே மடிக்கணினி, அதே கம்பி, அதே புரொஜெக்டரோடு ஓட்டிப் பாருங்கள்.

பழைய படங்களுக்கு உரிமைப் பிரச்சினை இல்லையாமே?

பாதி உண்மை. இந்தியாவில் திரைப்படத்தின் பதிப்புரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள். 1954-இல் வந்த 'அந்த நாள்' என்றால் 2014 டிசம்பர் 31-உடன் முடிந்தது. ஆனால் பாட்டெழுதியவர், இசையமைத்தவர், மூலக்கதை எழுதியவர் ஆகியோரின் உரிமை அவரவர் இறந்து 60 ஆண்டுகள்வரை தனியாக ஓடும். புதுப்பித்த பிரதிக்கும் புதிதாக எழுதிய சப்டைட்டிலுக்கும் வேறு ஆட்கள் உரிமை கோரலாம். வளாகத்துக்குள் போடுவதற்கு முன்சொன்ன விலக்கே போதும். வெளியாட்களை அழைக்கும்போதும் இணையத்தில் ஏற்றும்போதும்தான் இந்தக் கணக்கு உங்களைப் பிடிக்கும்.

சென்சார் சான்றிதழில் என்ன பார்க்க வேண்டும்?

'ஏ' சான்றிதழ் படத்தை 18 வயது நிரம்பாதவர்கள் பார்க்கக்கூடாது. "கல்லூரி மாணவர்கள்தானே" என்று விட்டுவிடாதீர்கள். இளநிலை முதலாண்டில் பாதிப் பேருக்கு 17 வயதுதான். அப்படிப்பட்ட படம் என்றால் முதுநிலை, ஆய்வு மாணவர்களுக்கு மட்டும் என்று அறிவியுங்கள். 2023-இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு 'யு/ஏ' பிரிவில் 7, 13, 16 என்று வயது சேர்ந்து வருகிறது. சான்றிதழே வாங்காத ஆவணப்படம் என்றால், பதிவாளரிடமோ முதல்வரிடமோ படத்தின் பெயர், நீளம், பொருள் மூன்றையும் எழுதிக் கொடுத்து ஒப்புதலை எழுத்தில் வாங்குங்கள். வாய்மொழி ஒப்புதல் படம் சர்ச்சையாகும்வரைதான் செல்லும்.

எந்த நாள், எந்த நேரம்?

புதன் அல்லது வியாழன், பிற்பகல் 2.30. வெள்ளிக்கிழமை மதியம் விடுதி மாணவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு பேருந்து நிலையத்தில் நிற்பார்கள். மாலை 5.30-க்கு மேல் இழுத்தால் ஊரிலிருந்து வந்துபோகும் மாணவர்களுக்குப் பேருந்து போய்விடும், பெண்கள் விடுதியில் கதவு மூடும் நேரம் வந்துவிடும். இந்த மூன்று மணி நேரத்துக்குள் அறிமுகம் 5 நிமிடம், படம், இடைவெளி 10 நிமிடம், பேச்சு 35 நிமிடம் அடங்க வேண்டும். அப்படியென்றால் படம் 130 நிமிடத்தைத் தாண்டக்கூடாது. அதைவிட நீளமான படத்தை எடுத்தால் பேச்சைத்தான் வெட்டுவீர்கள். பேச்சில்லாத திரையிடலுக்கு நூலகம் எதற்கு?

பருவத் தேர்வுக்கு முந்தைய மூன்று வாரம் எதுவும் வேண்டாம். டிசம்பரில் சென்னை சர்வதேசத் திரைப்பட விழா நடக்கும். 2003-இல் தொடங்கியது. சென்னையிலும் சுற்றியும் உள்ளவர்கள் அந்த வாரம் தங்கள் திரையிடலை நிறுத்திவிட்டு மாணவர்களை அங்கே அனுப்பலாம்.

60 பேர் அமரும் அறைக்கு என்ன புரொஜெக்டர், எவ்வளவு பெரிய திரை?

மூலைக்கு மூலை 120 அங்குலம் உள்ள திரை போதும். அகலம் 8 அடி 9 அங்குலம், உயரம் ஏறத்தாழ 5 அடி. கடைசி வரிசை திரையின் உயரத்தைப்போல் ஆறு மடங்குக்குள், அதாவது 30 அடிக்குள் இருக்க வேண்டும். தாண்டினால் சப்டைட்டில் எறும்பாகிவிடும். முதல் வரிசை 8 அடிக்குக் குறையக்கூடாது.

நல்ல இருட்டில் இந்த அளவு திரைக்கு 600 லூமென் வெளிச்சம்கூடப் போதும், கணக்குப்படி. ஆனால் நூலக அறைகளில் நல்ல இருட்டு எங்கே இருக்கிறது? சன்னல் இடுக்கு, கதவின் மேல் கண்ணாடி, வெளியேறும் வழி விளக்கு எல்லாம் சேர்ந்து படத்தின் கறுப்பைச் சாம்பலாக்கிவிடும். அதனால் 3,000 முதல் 3,500 லூமென் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் முன் சன்னலில் கறுப்புத் துணி கட்டுங்கள். புரொஜெக்டருக்கு 40,000 ரூபாய் கேட்கும் முன் துணிக்கு 2,000 ரூபாய் கேளுங்கள், பலன் அதில்தான் அதிகம். வெளிச்சத்தைக் காலையில் சோதிக்காதீர்கள். படம் போடும் அதே பிற்பகல் நேரத்தில் சோதியுங்கள், மேற்குச் சன்னல் அப்போதுதான் வேலையைக் காட்டும்.

வகுப்பறையில் இருந்து இரவல் வாங்கும் புரொஜெக்டர் பல நேரம் 1024-க்கு 768 புள்ளி கொண்ட சதுரவாக்கு வகை. அகலத்திரைப் படத்தை அதில் போட்டால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை போக, படத்துக்கு உயரத்தில் 436 புள்ளிதான் மிஞ்சும். பாட ஸ்லைடுகளுக்கு அந்தப் புரொஜெக்டர் சரி, அகலத்திரைப் படத்துக்குச் சரியில்லை. சாய்த்து வைத்துவிட்டு மெனுவில் கோணத்தைத் திருத்துவதும் புள்ளிகளைத் தின்னும். மேசை உயரத்தை மாற்றி, நேராக வையுங்கள்.

முன்னால் இருப்பவர் தலை சப்டைட்டிலை மறைக்கிறது.

தட்டையான தரை உள்ள எல்லா அறையிலும் இதுதான். திரையின் கீழ்விளிம்பு தரையிலிருந்து 4 அடிக்கு மேல் இருக்கட்டும். நாற்காலிகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்காமல், முன்வரிசை இரண்டு நாற்காலிகளின் இடைவெளிக்கு நேராகப் பின்வரிசை நாற்காலி வருவதுபோல் போடுங்கள். இதற்குப் பத்து நிமிடம்தான் ஆகும். இன்னும் மறைத்தால், படம் ஓட்டும் வி.எல்.சி. மென்பொருளின் அமைப்புகளில் சப்டைட்டிலை மேலே தூக்கும் எண் ஒன்று இருக்கிறது. சப்டைட்டில் தனிக் கோப்பாக இருந்தால் இது பலிக்கும், படத்தின் மேலேயே பதிந்திருந்தால் பலிக்காது.

தமிழ் சப்டைட்டில் கட்டம் கட்டமாக வருகிறது. வசனம் ஒன்று, எழுத்து ஒன்றாக ஓடுகிறது.

இவை இரண்டு வெவ்வேறு கோளாறுகள்.

கட்டமோ கேள்விக்குறியோ வந்தால் கோப்பு யூ.டி.எஃப்-8 முறையில் சேமிக்கப்படவில்லை, அல்லது எழுத்துருவில் தமிழ் இல்லை. கோப்பை நோட்பேடில் திறந்து, 'வேறாகச் சேமி' போய், குறியாக்கத்தில் யூ.டி.எஃப்-8 தேர்ந்தெடுத்துச் சேமியுங்கள். ஏற்கெனவே கேள்விக்குறியாகச் சேமித்துவிட்ட கோப்பை மீட்க முடியாது, மூலக் கோப்பு வேண்டும். எழுத்துருவுக்கு நிர்மலா அல்லது நோட்டோ சான்ஸ் தமிழ். கொம்பும் புள்ளியும் எழுத்தை விட்டு விலகித் தனியாக நின்றால், வி.எல்.சி. பழைய பதிப்பு. புதியதை நிறுவுங்கள்.

நேரம் தவறுவதில் இரண்டு வகை. படம் முழுக்க ஒரே அளவு, உதாரணமாக இரண்டு விநாடி, பிந்தினால் விண்டோஸ் வி.எல்.சி.யில் ஜி விசை முன்னே தள்ளும், எச் விசை பின்னே தள்ளும். ஒரு தட்டுக்கு 50 மில்லி விநாடி. ஆரம்பத்தில் சரியாக இருந்து, போகப்போக விலகினால் அது வேக வித்தியாசம். விநாடிக்கு 23.976 சட்டகம் (ஃபிரேம்) உள்ள படத்துக்கு எழுதிய சப்டைட்டிலை 25 சட்டகப் பிரதியில் போட்டிருப்பீர்கள். 90 நிமிடப் படத்தின் முடிவில் கிட்டத்தட்ட 4 நிமிடம் விலகியிருக்கும். விசையைத் தட்டிக்கொண்டே இருந்து பயனில்லை. 'சப்டைட்டில் எடிட்' என்ற இலவச மென்பொருளில் சட்டக விகிதத்தை மாற்றும் வசதி உண்டு, அரை நிமிட வேலை.

மாணவர்களே தமிழில் சப்டைட்டில் எழுதுவது மொழித் துறைக்கு அருமையான பயிற்சி. இரண்டு வரி, வரிக்கு நான்கு அல்லது ஐந்து சொல். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. ஆங்கில வசனத்தை முழுதாகப் பெயர்த்தால் படிப்பதற்குள் ஆள் பேசி முடித்துப் போயிருப்பார்.

இசை காதைப் பிளக்கிறது, வசனம் கேட்கவில்லை. ஏன்?

படத்தின் ஒலி ஐந்து ஒலிபெருக்கிகளுக்கும் ஒரு தாழ்சுரப் பெட்டிக்கும் பிரித்து வைத்தது. வசனம் பெரும்பாலும் நடு ஒலிபெருக்கிக்கு உரியது. உங்களிடம் இருப்பதோ இடது, வலது இரண்டு. நடுப்பகுதியைச் சரியாகக் கலக்காமல் விட்டால் வசனம் அடங்கிப்போகும். கோப்பில் ஸ்டீரியோ ஒலித்தடம் தனியாக இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் மடிக்கணினியின் ஒலி வெளியீட்டை ஸ்டீரியோ என்று மாற்றுங்கள்.

கூரையில் பதித்த ஒலிபெருக்கிகள் அறிவிப்புக்கானவை. ஆள் திரையில் நிற்க, குரல் உச்சந்தலையில் விழும். இரண்டு பெட்டிகளைத் திரையின் இருபக்கமும் உட்கார்ந்தவர் காது உயரத்துக்குச் சற்று மேலே வைப்பது நல்லது. மடிக்கணினியில் சார்ஜர் செருகியதும் 'ம்ம்ம்' என்று இரைச்சல் வந்தால் அது மின்தரைச் சுற்று (கிரவுண்ட் லூப்). சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள், நின்றுவிடும். நிரந்தரத் தீர்வுக்கு ஒலிக் கம்பியின் நடுவே போடும் தனிப்படுத்தி (ஐசொலேட்டர்) சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது.

நடுவில் கரண்ட் போனால்?

ஜெனரேட்டர் எடுத்துக்கொள்ள 20 விநாடி போதும். ஆனால் விளக்கு வகைப் புரொஜெக்டர் சூட்டோடு அணைந்தால் ஆறிய பிறகுதான் மறுபடி எரியும், விளக்கின் ஆயுளும் குறையும். புரொஜெக்டரையும் மடிக்கணினியையும் 1 கே.வி.ஏ. யு.பி.எஸ்.ஸில் இணையுங்கள். ஒலிபெருக்கியைச் சேர்க்காதீர்கள், சுமை கூடும்.

படம் முடிந்ததும் எல்லோரும் எழுந்து போகிறார்கள். பேச வைப்பது எப்படி?

விளக்கை உடனே போடாதீர்கள். பெயர்கள் ஓடி முடியட்டும், பிறகு பக்கவாட்டு விளக்கு ஒன்று மட்டும். "படம் எப்படி இருந்தது?" என்று கேட்டால் "நல்லா இருந்துச்சு" என்ற பதிலோடு கதை முடிந்தது. குறிப்பிட்ட ஒன்றைக் கேளுங்கள். 'வீடு' (1988) பார்த்தவர்களிடம், "இந்தப் படத்தில் யார் யார் கையில் பணம் போகிறது? வரிசையாகச் சொல்லுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். நிலம், அனுமதி, ஒப்பந்தக்காரர், சிமெண்ட் என்று ஆளுக்கு ஒன்றாக அடுக்குவார்கள். எதை மறந்தார்கள் என்பதில் இருந்து பேச்சு கிளம்பும். வீட்டில் கட்டட வேலை நடந்த மாணவர் அன்று பேராசிரியரைவிட நன்றாகப் பேசுவார்.

ஆசிரியர்கள் முதல் 15 நிமிடம் வாய் திறக்கக்கூடாது என்பதை விதியாகவே வையுங்கள். பேராசிரியர் ஒருவர் "இதை மூன்று கோணங்களில் அணுகலாம்" என்று தொடங்கிவிட்டால், இரண்டாவது கோணத்தில் பாதி அறை காலி.

இயக்குநரை அழைக்கலாமா?

அழைக்கலாம். ஆனால் திரையிடும் உரிமை பெரும்பாலும் அவரிடம் இருக்காது, தயாரிப்பாளரிடம் இருக்கும், அல்லது ஓ.டி.டி. நிறுவனத்துக்குப் போயிருக்கும். இயக்குநர் "தாராளமாப் போடுங்க" என்பது அனுமதி ஆகாது. ஆறு வாரம் முன்பே எழுதுங்கள். தேதி, நேரம், எத்தனை பேர், பயணம் யார் ஏற்பாடு, மதிப்பூதியம் எவ்வளவு என்பது முதல் கடிதத்திலேயே இருக்கட்டும். அவர் வரும்போது படத்தை முழுதாகப் போட்டு, அவரை இரண்டு மணி நேரம் வெளியே உட்கார வைக்காதீர்கள். முதல்நாள் படம், மறுநாள் பேச்சு.

பார்வையற்ற மாணவர்கள் வர விரும்புகிறார்கள்.

கலைப் பிரிவுத் துறைகளில் அவர்கள் கணிசம். திரையரங்குகளில் செவி, பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கான வசதிகள் பற்றி மத்திய அரசு 2024 மார்ச்சில் வழிகாட்டுதல் வெளியிட்டது. காட்சி விளக்க ஒலித்தடம் உள்ள பிரதி கிடைத்தால் அதையே போடுங்கள். கிடைக்காவிட்டால், படத்துக்கு முன் பத்து நிமிடம் தனியாக உட்கார்ந்து யார் யார் பாத்திரங்கள், எந்தக் குரல் யாருடையது, கதை எந்த ஊர், எந்தக் காலம் என்று சொல்லுங்கள். படத்தை இரண்டுமுறை பார்த்த ஒருவர் பக்கத்தில் இருந்து, வசனமில்லாத இடங்களில் மட்டும் தணிந்த குரலில் சொல்ல வேண்டும். நடிப்பைப் புகழ வேண்டாம், "கதவைத் திறக்கிறாள், உள்ளே யாருமில்லை" என்பது போதும். சப்டைட்டில் படத்தைத் தவிர்த்து, வசனம் நிறைந்த தமிழ்ப் படங்களில் தொடங்குங்கள். 'அந்த நாள்' இதற்கும் பொருந்தும்.

நூலகத்தில் உள்ள டி.வி.டி.களை என்ன செய்வது?

தூக்கிப் போடாதீர்கள், பல படங்கள் வேறெங்கும் இல்லை. யு.எஸ்.பி. டி.வி.டி. இயக்கி ஒன்று வாங்கி வையுங்கள். இந்தியா 5-ஆம் மண்டலம். வெளிநாட்டுத் தட்டுக்காக இயக்கியின் மண்டலத்தை மாற்ற ஐந்து முறைதான் அனுமதிக்கும், அதன்பின் கடைசியில் வைத்த இடத்தில் உறைந்துவிடும். துடைக்கும்போது நடுவில் இருந்து விளிம்பை நோக்கி நேராக, வட்டமாக அல்ல.

படம் போட்டு என்ன, யாரும் புத்தகம் எடுப்பதில்லையே?

பொருள்வாரியாக எண் போடும் டூயி முறையில் அடுக்கும் நூலகத்தில் சினிமா நூல்கள் 791.43-இல், தமிழ் நாவல்கள் 894.8113-இல் இருக்கும். நடுவே ஓர் இலக்கிய வரிசையே கிடக்கிறது, சில இடங்களில் ஒரு மாடியே குறுக்கிடும். படம் பார்த்து வெளியே வருபவர் அவ்வளவு தூரம் நடக்க மாட்டார். திரையிடும் அறையின் வாசலில் மேசை போட்டு, மூலநாவல் இருக்கிற பிரதிகள் அத்தனையும், இயக்குநரின் நேர்காணல் நூல், அந்தக் காலகட்ட வரலாறு ஒன்றிரண்டு என்று பரப்புங்கள். கடன் பதிவு செய்ய ஒரு மடிக்கணினியோடு ஆள் அங்கேயே உட்காரட்டும். கேட்டலாக்கில் தேடி எண் எழுதி வரச் சொன்னால் நாவல் அலமாரியிலேயே இருக்கும்.

ஏழு பேர்தான் வந்தார்கள். ரத்து செய்துவிடலாமா?

கூடாது. நாற்காலிகளை முன்னால் இழுத்து, நேரத்துக்குத் தொடங்குங்கள். 60 இருக்கைக்கு 90 பேர் பெயர் கொடுத்தாலும் பயப்பட வேண்டாம், மூன்றில் ஒருவர் வரமாட்டார் என்று கணக்கு வையுங்கள். மழை நாளில் பாதி.

ஒரு நோட்டு போடுங்கள். தேதி, படம், நீளம், வந்தவர்கள், பேச்சுவரை இருந்தவர்கள், மேசையில் இருந்து போன புத்தகங்கள், அடுத்த ஏழு நாளில் அந்த நாவலுக்கு விழுந்த முன்பதிவு, என்ன பழுதானது என்று எட்டுக் கட்டம். புரொஜெக்டர் விளக்கின் மணிக்கணக்கையும் ஓரத்தில் குறித்து வையுங்கள். அடுத்த ஆண்டு நிதிக்கு எழுதும்போது நூலகக் குழு கேட்கப்போவது ஆறாவது கட்டத்தைத்தான்.